எடுத்த மாதிரி

“எங்க தெருத் தண்ணியை எங்க பிடிச்சீங்க, எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க, யாரு பிடிச்சாங்க? அந்தப் பேப்பரைக் காட்டுங்க.”

குடிநீர் அலுவலகத்தின் இரண்டாவது ஜன்னலில் நின்று அவள் இப்படிக் கேட்டபோது, உள்ளே எழுத்தர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைவது நின்றது. மூடி காதிலேயே இருந்தது.

கேட்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி அவள் வளர்க்கப்பட்ட கேள்வி அது. அவளுடைய அப்பா அதே அலுவலகத்தின் பம்பு ரூமில் மோட்டார் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடமாகத் தற்காலிகப் பணியாளர். “ஆபீஸ்ல லீவு கேக்கலாம், மன்னிப்பு கேக்கலாம், பழைய குடை கிடந்தா அதைக்கூடக் கேக்கலாம். காயிதம் மட்டும் கேக்கக் கூடாது. காயிதம் கேட்டா நாம யாருன்னு நிமிந்து பார்ப்பாங்க” என்பார். யாரும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்ததால்தான் பத்தொன்பது வருடம் ஓடியது என்பது அவருடைய கணக்கு.

எழுத்தர் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

“நீ யாரும்மா?”

“அந்தத் தண்ணியைக் குடிக்கிறவ.”

“குடிக்கிறவளா?” பக்கத்து மேசைக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “பகல்லயேவா?”

பக்கத்து மேசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“ஆமா சார். குடிச்சுக் குடிச்சுத்தான் எங்க தெருவுல பதினோரு பேருக்கு ஈரல் வீங்கிக் கிடக்கு. மஞ்சக்காமாலை. எங்க அண்ணி ஏழு மாசம். ஆஸ்பத்திரியில நினைவு வர்றதும் போறதுமா இருக்கு.”

எழுத்தர் மூடியைக் காதிலிருந்து எடுத்துப் பேனாவில் மாட்டினார்.

“தண்ணியில ஒண்ணும் இல்லம்மா. மாசாமாசம் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புறோம். எல்லாம் நல்லாத்தான் வருது.”

“அந்த நல்லதைத்தான் பார்க்கணும்ங்கறேன்.”

“அது ஆபீஸ் பேப்பர்.”

“தண்ணி எங்க தெருவோடது.” மனுவை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

“எதுக்கு வேணும்னு மனுவுல எழுதவே இல்லையே?”

“எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. தகவல் உரிமைச் சட்டத்துல இருக்கு.”

“சரி, முப்பது நாள் ஆகும்.”

“உயிர் சம்பந்தப்பட்டதுன்னா ரெண்டே நாள். அதுவும் இருக்கு. கீழ கோடு போட்டிருக்கேன் பாருங்க.”

கோடு நேராக இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டுகிற வேலை. அதனால் தெருவில் அவள் பெயர் மனுக்காரி. மற்றவர்களுக்காக நாளைக்கு இருபது தடவை ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று தட்டுகிறவள், தன் மனுவில் அதை ஓர் இடத்திலும் தட்டவில்லை.

எழுத்தர் முகவரியைப் படித்தார். தகப்பன் பெயரைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம மோட்டார்காரர் பொண்ணா! வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறியே. உங்க அப்பாவையே கேட்டுக்கலாமே.”

நக்கல் என்று எடுத்துக்கொண்டாள்.

“முத்திரை குத்திக் குடுங்க சார். நான் போகணும்.”

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. நாலு மாதமாக மழை இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடி, தொட்டி நிறைந்து, ஒவ்வொரு தெருவாக வால்வு திறந்து, கடைசித் தெருவான அவர்கள் தெருவுக்கு வந்துசேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். அறுபத்திரண்டு வீட்டுப் பிழைப்பும் அந்தப் பதினொன்றை வைத்துத்தான். வேலைக்குப் போகிற பெண்கள் ஆளுக்கொரு நாள் முறை போட்டுத் தங்கி, போனவர்களின் குடத்தையும் சேர்த்து நிரப்புவார்கள். குழாய் முதலில் இருமும். பிறகு காற்று சீறும். பிறகு பழுப்பாக ஒரு குடம் வரும். அதைக் கழுவிவிட வைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் வருவது பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். பார்வைக்குத் தெளிவான எதையும் அந்தத் தெரு சந்தேகப்பட்டதில்லை. பெரிய குழாய் சாக்கடையின் ஓரமாகவே வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போதும் அப்படித்தானே வருகிறது.

அம்மா பத்து நாளாக ஆஸ்பத்திரியில் அண்ணியோடு. சுமை வண்டி ஓட்டுகிற அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு வார்டு வாசலில் படுத்துக் கிடந்தான். வீட்டில் அடுப்பு அவளுடையது. அன்று மத்தியானம் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். கையில் கிரீஸ், சட்டையில் கிரீஸ். உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை.

“ஆபீசுக்குப் போனியா?”

“அதுக்குள்ள தந்தி அடிச்சிட்டாங்களா?”

“என்ன கேட்டே?”

“தண்ணி ரிப்போர்ட்.”

“வாபஸ் வாங்கிடு.”

“ஏன்?”

“ஏன்னா? இந்தத் தடவை லிஸ்ட்ல என் பேர் இருக்கு. பர்மனென்ட் ஆகப்போறவன் வீட்டுல இருந்து மனு போனா நல்லாவா இருக்கும்?”

“எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இந்தத் தடவைதான்ப்பா.”

“உன்னைப் படிக்க வச்சது நீ வேலைக்குப் போகத்தான். என் வேலைக்கு உலை வைக்க இல்ல.”

“அண்ணி அங்க கிடக்குப்பா.”

“எனக்கு மட்டும் வயிறு எரியலையா?” தட்டைத் தள்ளினார். “தண்ணியில குத்தம் இல்லடி. பம்பு ரூம் குழாயில தினம் நான் நாலு டம்ளர் குடிக்கிறேன். எனக்கு என்ன வந்துச்சு? கல்லு மாதிரி இருக்கேன்.”

உண்மையிலேயே கல் மாதிரிதான் இருந்தார். அது அவளை யோசிக்க வைத்திருக்க வேண்டும். அப்போது கோபம்தான் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் அண்ணிக்கு வலி வந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. அண்ணி பிழைத்துக்கொண்டாள். டாக்டர் அண்ணனிடம், “தண்ணியில வந்த வியாதி. வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?” என்று அதட்டலாகக் கேட்டாராம். என்னவோ இவன் கடையில் போய்ப் பத்துத் தினுசு பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்த மாதிரி. வருகிற தண்ணியைத்தான் குடித்தோம் என்று சொல்லியிருக்கிறான்.

புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அண்ணன் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

“பாப்பா, நீ படிச்சவ. எதனாலன்னு கண்டுபிடி. யாருன்னு மட்டும் என்கிட்ட சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

அப்பா நாலு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து உறை வந்தது. ஜெராக்ஸ் கடையில் வைத்துப் பிரிக்க மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். அங்கே தையல்காரி அக்கா வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். பதினோரு பேரில் அவள் புருஷனும் ஒருவன். ஒரு மாதமாகப் படுக்கை.

“வா மனுக்காரி. என்ன, கலெக்டர் வேலைக்கு ஆர்டரா?”

“தண்ணி ரிப்போர்ட்க்கா. அஞ்சு மாசத்துது.”

“படி. நானும் கேக்குறேன். எங்க வீட்டு மஞ்சக் கிளியும் உள்ள இருந்து கேக்கட்டும்.”

அவள் படித்தாள். “மாதிரி எடுத்த இடம், தெருக்கோடிக் குழாய். முடிவு, குடிப்பதற்கு உகந்தது. அடுத்த மாசம், அதே இடம், உகந்தது. அதுக்கடுத்த மாசமும் உகந்தது.”

“இரு இரு. தெருக்கோடிக் குழாய்னா எது?”

“இதான்க்கா.” மிஷினுக்கு மூன்றடி தள்ளி அந்தக் குழாய் நின்றது.

“ஏழு வருஷமா இந்த மிஷின் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். அந்தக் குழாய் மேல காக்கா உக்காந்தாலும் எனக்குத் தெரியும். ஒருத்தனும் பாட்டிலைத் தூக்கிட்டு இங்க வந்தது கிடையாது.” நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “மாதிரி எடுத்தாங்களா, எடுத்த மாதிரியா?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பார்த்தாள்.

“நேரம், காலை எட்டரை.”

“எட்டரைக்கு இதுல காத்துதான் வரும். காத்தைப் பிடிச்சு அனுப்பினானுங்களா, கூறுகெட்டவனுங்க? யாரு எடுத்ததாப் போட்டிருக்கு?”

அடியில் கையெழுத்து இருந்தது. முதல் எழுத்துக்குப் பின் தேவையில்லாமல் ஒரு புள்ளி, கடைசி எழுத்தின் வால் மேலே ஏறிச் சுழிந்து. அந்தச் சுழியை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். ஆறாம் வகுப்பில் இருந்தபோது, கைநாட்டு வைப்பவரின் மகள் என்று யாரும் சொல்லக்கூடாது என்று, நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி எழுதிக் காட்டிப் பழக்கியது. ஐந்து தாளிலும் சுழி அழகாக வந்திருந்தது.

கட்டைவிரலால் அதை மூடினாள்.

“சரியாத் தெரியலக்கா. கிறுக்கி வச்சிருக்கு.”

“அப்படித்தான் கிறுக்குவானுங்க. தெரியக் கூடாதுன்னுதானே.”

தகவலை மறைப்பதற்குப் பெரிய அலுவலகமோ பூட்டிய பீரோவோ தேவையில்லை என்று அவளுக்கு அன்று தெரிந்தது. ஒரு கட்டைவிரல் போதும். தெரிந்த பிறகு அவளுக்கு வந்த கோபம் அப்பாவின் மேலா, தன் விரல் மேலா என்று பிரிக்க முடியவில்லை.

நேரே பம்பு ரூமுக்குப் போனாள். மோட்டார் இரைச்சலில் பேச்சு கேட்காது. அவளே போய் சுவிட்சை அணைத்தாள். அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஏய், தொட்டி பாதிதான் ஏறியிருக்கு!”

“இது உங்க கையெழுத்துதானே?”

தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். “ஆமா. என்னதுதான்.”

“நம்ம தெருத் தண்ணியை நீங்களா பிடிச்சு அனுப்புறீங்க?”

“நான்தான். அஞ்சு தெருவுக்கும் நான்தான். வேற யாரு இருக்கா?”

“எங்க பிடிப்பீங்க?”

அவர் சுவரோரமிருந்த குழாயைக் காட்டினார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல எழுந்து செய்து காட்டவும் ஆரம்பித்துவிட்டார். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட வேண்டும். ரெண்டு நிமிஷம் தண்ணீரை ஓட விட வேண்டும். பாட்டில் வாயில் விரல் படக் கூடாது, மூச்சும் படக் கூடாது. நிரப்பி, மூடி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும்.

“இதுவரைக்கும் என் பாட்டில் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல, தெரியுமா? மத்த பம்பு ரூம்ல எல்லாம் கையை விட்டுக் குழப்புவானுங்க.”

“அஞ்சு பாட்டிலையும் இந்த ஒரே குழாயிலயா பிடிச்சீங்க?”

“ஆமா. சீட்டுல மட்டும் தெருப் பேரை மாத்தி ஒட்டணும்.”

“அப்பா!”

“என்னடி கத்துறே? லேப் வண்டி எட்டே முக்காலுக்கு வந்து நிக்கும். எட்டரைக்குள்ள அஞ்சும் தயாரா இருக்கணும். நம்ம தெருவுக்குத் தண்ணி பதினொன்னுக்கு வருது. நான் என்ன, வண்டியை மறிச்சுப் படுக்கவா? ஆரம்பத்துலயே என்ஜினீயர்கிட்ட சொன்னேன். அவர்தான், ‘இந்தத் தொட்டித் தண்ணிதானேய்யா எல்லாத் தெருவுக்கும் போகுது, ஒண்ணுல எடுத்தா அஞ்சுல எடுத்த மாதிரி’ன்னார். தண்ணி ஒண்ணுதானேம்மா? எங்க பிடிச்சா என்ன?”

“இங்க இருந்து போறது ஒண்ணுதான். சாக்கடை ஓரமா ரெண்டு மைல் வந்து எங்க குடத்துல விழறது வேற. குழாய் ஓட்டையானா? தண்ணி வராத நாள்ல சாக்கடை உள்ள இறங்கினா? அதைப் பார்க்கத்தானேப்பா எங்க வாசல்ல பிடிக்கச் சொல்லி எழுதியிருக்கான்!”

கொளுத்திய பஞ்சு அப்பாவின் கையில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டார். பின் குனிந்து மோட்டார் சுவிட்சைப் போட்டார். இரைச்சலுக்கு மேல் எதையோ சொன்னார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“அண்ணன்கிட்ட சொல்லாத.”

அன்று அவள் வார்டுக்கு வெந்நீர் கொண்டுபோனபோது அண்ணி கண்ணைத் திறந்து பார்த்தாள். வெள்ளைவிழி இன்னும் மஞ்சளாகவே இருந்தது. “வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுறாங்களாம்” என்றாள். அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். “ஏதாச்சும் தெரிஞ்சுதா?” என்று கேட்டான். “பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்றாள். இரண்டாவது பொய். ஒரே வாரத்தில் ஒருத்தி எவ்வளவு அரசாங்கமாகிவிட முடியும் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, கடை திறந்ததும் உட்கார்ந்து தட்டினாள். அப்பா சொன்னதை அப்பா சொன்னபடியே எழுதினாள். பஞ்சு கொளுத்தியதையும் எழுதினாள், விரல் படாமல் மூடியதையும் எழுதினாள். அந்த மனிதர் சோம்பேறி இல்லை, திருடர் இல்லை, சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தவர் என்பது எழுத்தில் இருக்கட்டும். பிறகு கேள்விகள். வண்டிக்கு எட்டே முக்கால் என்று நேரம் குறித்தது யார்? பதினொரு மணித் தண்ணீர் எட்டரை மணிப் பாட்டிலுக்குள் எப்படி வந்தது என்று ஐந்து மாதமும் மேலொப்பம் போட்டவர் யோசித்தாரா? குழாயை யாராவது தோண்டிப் பார்த்தார்களா? மேல் அதிகாரிக்கு ஒன்று, சுகாதார அலுவலகத்துக்கு ஒன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தாள். அதன்பின் அப்பாவின் கையெழுத்துள்ள தாளையும் தன் கடிதத்தையும் சேர்த்து அறுபத்திரண்டு பிரதி எடுத்தாள். மிஷின் சூடேறி இரண்டு முறை நின்றது. நின்று, ஆறி, மறுபடி ஓடியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், என்ஜினீயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“வாம்மா. இழவு வீடு, விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

விசாரிக்க வந்தவர் மடியில் கோப்பு இருந்தது.

“உங்க அப்பா மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டார். இந்த மாசமே பர்மனென்ட் ஆர்டர் போட எழுதியிருக்கேன். நீ சின்னதா ஒரு கையெழுத்து போடணும். ‘கேட்ட தகவல் கிடைத்தது, மேற்கொண்டு முறையீடு செய்யப் போவதில்லை’ன்னு. அவ்வளவுதான்.”

“போடலைன்னா?”

“போடலைன்னா நான் என்னம்மா செய்ய? எடுக்காத இடத்துல எடுத்ததா எழுதினது யாரு? கையெழுத்து யாருது? சட்டம்னு வந்துட்டா சட்டம்தான். நீயே படிச்சவ.”

“ஒண்ணுல எடுத்தா அஞ்சுல எடுத்த மாதிரின்னு சொன்னது யாரு சார்?”

“அது வாய்ப்பேச்சு. பேப்பர்ல இருக்கா?”

அப்பா என்ஜினீயரைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவரை அப்படி நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“சார், நீங்க சொன்னீங்க சார்” என்றார்.

“நான் ஆயிரம் சொல்வேன்யா.” என்ஜினீயர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “பாரும்மா, அடுத்த மாசத்துல இருந்து தெருவுலயே பிடிச்சுடலாம். நான் பொறுப்பு.”

“அதுவரைக்கும் தெரு எதைக் குடிக்கும்?”

“காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க.”

“ஏன்னு கேட்டா என்ன சொல்ல?”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. பையிலிருந்து தபால் ரசீதுகளை எடுத்து அவர் மடியில் இருந்த கோப்பின் மேல் வைத்தாள்.

“காலையிலயே போயிடுச்சு சார்.”

என்ஜினீயர் ரசீதைப் படித்தார். எழுந்தார். “பொண்ணை நல்லா வளர்த்திருக்கேய்யா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வசவுதான், ஆனாலும் அதில் ஓர் எழுத்தும் தப்பில்லை.

அவர் போனதும் அப்பா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

“என் சோத்துல மண்ணு விழுந்தா விழட்டும். உங்க அண்ணன் என்னை என்னன்னு பார்ப்பான்? ஒரு நாள் குடும்மா. நானே சொல்றேன்.”

“நாளைக்கு தண்ணி நாள்ப்பா. பதினொன்னுக்கு அறுபத்திரண்டு வீட்டுலயும் குடம் வைப்பாங்க. அண்ணியும் வந்துரும்.”

“நான் தெரிஞ்சா செஞ்சேன்?”

“தெரியாமதான் செஞ்சீங்க. அதையும் எழுதியிருக்கேன். அதை நான் எழுதலைன்னா எழுத ஒருத்தரும் இல்ல. அந்த ஆள் எழுதுவாரா?”

அப்பா தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார வேண்டும் போல அவளுக்கு இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றும் தெரிந்திருந்தது. காகிதக் கட்டை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான்.

“என்ன பாப்பா இது, இவ்வளவு பேப்பர்?”

மேலே இருந்ததை உருவி அவன் கையில் கொடுத்தாள்.

“முழுசாப் படி. கையெழுத்தை மட்டும் பார்த்துட்டு உள்ள போயிடாத. மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு அப்புறம் போ.”

அவன் வெளிச்சத்துக்காகத் தாளைத் திருப்பிப் பிடித்தான். அவன் எந்த வரியில் இருக்கிறான் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.